கயித்துல எறங்கற கோவம்

மோட்டார் ஹார்னைப் பத்திச் சொல்லோணும்னா மொதல்ல மாட்டுச் சலங்கையப் பத்திச் சொல்லோணுங்க. சலங்கையச் சொல்லோணும்னா அந்தக் கட்டைக்காரம்மாளைச் சொல்லாம முடியாது. நான் படிக்காதவன். ஒண்ணுல தொடங்குனா இன்னொண்ணுல போயி நிப்பேன். வண்டியோட்டுனவன் நாயம் அப்படித்தான், ரோடு எப்படி வளையுதோ அப்படியே போகும். சித்தெ பொறுத்துக் கேளுங்க.

எனக்கு ஊரு முதலமடை. இங்கிருந்து தெக்கால பார்த்தா தென்மலை நிக்கும். மழை பேஞ்சா மலை மேல இருந்து அருவி, ஆரோ வெள்ளை வேட்டியத் தொவைச்சுக் காயப் போட்ட மாதிரி தொங்கும். மலையில பேயுற மழையில பாதி எங்க மேல பேஞ்சிருந்தா நான் ஏன் வண்டிக்குப் போறேன், காட்டுலயே கெடந்திருப்பேன். மேல தொரைமாரு காப்பித் தோட்டம் போட்டிருந்தாங்க. அங்க இருக்கற கூலிச் சனத்துக்கு அரிசி, உப்பு, கருவாடு எல்லாம் நாங்கதான் மாட்டு வண்டில ஏத்துவோம். வரும்போது காப்பிக்கொட்டை மூட்டை.

ஏறும்போது மாடு பாடுபடும். எறங்கும்போது மனுசன் பாடுபடோணும். இப்ப மோட்டாருக்குக் காலுல ஒரு மிதி மிதிச்சா நிக்குது. மாட்டு வண்டிக்கு அது ஏது? அதனால எறக்கத்துல வண்டிக்குப் பின்னால சங்கிலி போட்டு, ஆளு நீளத்துக்கு ஒரு மரக்கட்டையக் கட்டி இழுத்துட்டுப் போவோம். கட்டை ரோட்டுல தேஞ்சு தேஞ்சு வண்டியப் பிடிச்சு நிறுத்தும். கட்டை இல்லாம எறங்குனா மூட்டைப் பாரம் மாட்டை முதுகுல தள்ளும், மாடு ஓடும், ஓடுற மாடு வளைவுல திரும்பாது. கீழ பள்ளம். அவ்வளவுதான்.

அந்தக் கட்டையெல்லாம் அந்தம்மா கையில இருந்துச்சு. எறக்கம் ஆரம்பிக்கற எடத்துல ஒரு ஓலைச் சாளை போட்டு இருந்துச்சு. பக்கத்துல கட்டைக அடுக்கியிருக்கும். எறங்கறவன் ஒண்ணு வாங்கிக் கட்டிட்டுப் போயி அடிவாரத்துல போட்டிருவான். மேல ஏறி வர்ற வண்டி அதைத் திருப்பிக் கொண்டாந்து குடுக்கும். கட்டைக்கு ஒரு படி கொள்ளு. அந்தக் கொள்ளை வேகவெச்சு, ஏறி வந்து மூச்சு வாங்குற மாட்டுகளுக்கே வெச்சிரும். எங்காளுக குசும்பைக் கேளுங்க, ஊட்டு மாட்டுக்குப் புடைச்ச கொள்ளு, அந்தம்மாளுக்குக் கல்லும் கரடுமாக் கலந்தது. மாடு பேசாதுன்னு தைரியம். அந்தம்மா பேசும்னு மறந்துட்டானுக.

ஆளு நெட்டை. ஒரு காது, தோடு போட்ட எடம் அறுந்து ரெண்டாத் தொங்கும். வாயில எந்நேரமும் பொகையிலை. பேரு என்னன்னு எங்களுக்குத் தெரியாது. முன்னால நின்னா கட்டைக்காரம்மா, அக்கட்டால போனா கட்டைக்காரி.

அந்தம்மாகிட்ட ஒரு கொணம். கோவமா வந்தவனுக்குக் கட்டை குடுக்காது. தொரையே வந்து சொன்னாலும் குடுக்காது.

கோவத்தை எப்படிக் கண்டுபிடிக்கும்னா, மொகத்தைப் பார்த்து இல்லீங்க. வண்டி வளைவுக்கு அந்தப்பக்கம் வரும்போதே சாளைக்குள்ள உக்கார்ந்து சலங்கையக் கேக்கும். நல்லாப் போற மாடு ஒரே தாளமாப் போடும். கோவக்காரன் மாடு ரெண்டு எட்டு ஓடி, ஒரு எட்டு தயங்கி, சலங்கை இடறும். அப்பறம் வெளிய வந்து மாட்டு மூக்கைப் பார்க்கும். மூக்கணாங்கயிறு போற எடம் செவந்திருந்தா முடிஞ்சுது.

"உன்ற கோவம் கயித்துல எறங்கிருச்சு. நீ ஆரு கூடச் சண்டை போட்டியோ, இப்ப அவங்க கூட இந்த வாயில்லாச் சீவன் சண்டை போட்டுட்டு நிக்குது. அவுத்துக் கட்டு."

மாட்டை அவுத்துக் கட்டுனா, மடியில ஒரு முறம் வந்து உக்காரும். முறத்துல கொள்ளு. கல்லுப் பொறுக்கோணும். கொள்ளும் செவப்பு, கல்லும் செவப்பு. கோவமா இருக்கறவன் கொள்ளைப் பொறுக்கி எறிஞ்சிட்டுக் கல்லை உட்டுருவான். அந்தம்மா வந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில பரப்பிப் பார்த்துட்டு, "இன்னும் இருக்குது" ன்னு சொல்லீட்டுப் போயிரும். எது இருக்குதுன்னு சொல்லாது.

கொல்லங்கோட்டுல மாமன் மச்சான் ரெண்டு பேரு இருந்தானுக. ஒருக்கா ஒருத்தன் வண்டிய ஒருத்தன் முந்தறதுல சண்டை. ஒரு வண்டி போற ரோட்டுல ரெண்டும் ஓடி, சக்கரம் சக்கரத்துல ஒரசி, மாட்டு முதுகெல்லாம் சாட்டைத் தடம். அந்தம்மா ரெண்டு பேருக்கும் நடுவால ஒரே முறத்தை வெச்சுது. ஆளுக்குப் பாதி. இவன் கல்லைப் பொறுக்கி அவன் பக்கம் போடறான், அவன் பொறுக்கி இவன் பக்கம் போடறான். அந்தம்மா கொஞ்ச நேரம் பார்த்துச்சு. குனிஞ்சு முறத்தைச் சுத்தித் திருப்பி வெச்சிட்டு உள்ள போயிருச்சு. அவனவன் போட்ட கல்லு அவனவன் முன்னால. மொதல்ல சிரிச்சது நாந்தான்னு ரெண்டு பேரும் சாகற வரைக்கும் சண்டை போட்டுட்டு இருந்தானுக.

அதெல்லாம் சத்தமாப் படற கோவம். சத்தமில்லாம ஒண்ணு இருக்குதுங்க. எங்க கூட்டத்துல ஒரு சாது. எதுக்கும் சிரிப்பான். ஒரு நாளு அவனையும் அவுத்துக் கட்டச் சொல்லுச்சு. நாங்க எல்லாம் பரிஞ்சு பேசுனோம், அம்மா இவனுக்குக் கோவமே வராதுன்னு. அந்தம்மா அவன் மாட்டு மூக்கைக் காட்டுச்சு, அவ்வளவுதான். அவன் சிரிச்சுட்டேதான் உக்கார்ந்தான், சிரிச்சுட்டேதான் பொறுக்குனான். பாதி முறத்துல கண்ணுத் தண்ணி சொட்டி கொள்ளு நனைஞ்சு போச்சு. அண்ணன் ஊட்டுல தாய்க்குச் சோறு போடாம வெளிய உக்கார வெச்சிருக்காங்க, பெரியவனை எதுத்துப் பேச வாய் வரலை. அந்த வெசனத்தை எங்க இறக்கறதுன்னு தெரியாம மாட்டுல இறக்கியிருக்கான். அந்தம்மா நனைஞ்ச கொள்ளை வெயில்ல பரப்பிட்டு, "போயி உன்ற தாயக் கூட்டிட்டு வந்து உன்ற ஊட்டுல வெய்யி. அதுக்கு எதுக்குச் சண்டை?" ன்னுச்சு. அவன் அப்படித்தான் பண்ணுனான்.

எல்லாரும் அடங்கிப் போயிறலை. ஒருத்தன் வீம்புக்குச் சொந்தமாக் கட்டை வெட்டிட்டு வந்து, அந்தம்மாளைப் பார்க்காமயே எறங்குனான். ரெண்டாம் வளைவுல அவன் குதிச்சுத் தப்பிச்சான். ஒரு மாடு போயிருச்சு. நொண்டி நொண்டி ஏறி வந்த மத்த மாட்டுக்கு அந்தம்மா கொள்ளு வெச்சு, வெந்நி ஊத்திக் கால் தொடைச்சுது. அவனை ஒண்ணும் கேக்கலை. திட்டாம உட்டுச்சே, அதுதான் அவனுக்குப் பொறுக்க முடியலை.

அந்தம்மா சாந்தசொரூபின்னு நெனைச்சிராதீங்க. எங்க எல்லாரையும் விடக் கோவக்காரி அதுதான். தோட்டத்துக் காவக்காரன் ஆட்டுக்குட்டியப் பிடிச்சுக் கட்டிட்டான்னு ஒரு நாளு ஆடுன ஆட்டத்துல மலையே நடுங்கிப் போச்சு. ஆனா என்ன, அன்னைக்குக் கட்டைப் பக்கமே போகலை. கோவத்துல உளுத்த கட்டையத் தூக்கிக் குடுத்திருவேன்னு, தானே முறத்தைப் போட்டு உக்கார்ந்திருச்சு. பின்னால வண்டிக வரிசையா நிக்குது. நாங்க மரத்து நெழல்ல படுத்துக் கெடக்கறோம். ஒருத்தன் எந்திரிச்சுப் போயி முறத்தை எட்டிப் பார்த்துட்டு வந்து, "இன்னும் இருக்குது" ன்னான். அதுக்கு ஒரு கல்லு பறந்து வந்துச்சு.

புருசன் இந்தப் பள்ளத்துல உழுந்து செத்திருப்பான், அதுதான் இப்படின்னு எங்களுக்குள்ள ஒரு கதை ஓடுச்சு. ஒருத்தன் தைரியமாக் கேட்டே போட்டான்.

"அந்த மனுசன் காச்சல்ல படுத்து, கஞ்சி குடிச்சு, சாமியக் கும்பிட்டுட்டுச் செத்தாரு. கோவப்படவே தெரியாது. ரெண்டு பேரு கோவத்தையும் நானே படவேண்டியதாப் போச்சு" ன்னுச்சு. கதை அத்தோட செத்துப் போச்சுங்க.

செரி, என்ற வண்டிக்கு வர்றேன்.

எனக்கு அப்ப ஒரு சோடி மாடு. ஒண்ணு கருப்பு, காரின்னு கூப்பிடுவேன். ஒண்ணு வெள்ளை, மயிலை. எறங்கும்போது காரி இடத்துல, மயிலை வலத்துல. அப்ப இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் மலை. காரி பள்ளத்தைப் பார்த்துட்டே அது பாட்டுக்கு நடக்கும். மயிலைக்குப் பள்ளம் ஆகாது, பார்த்தா மெரளும். அதனால அதை மலைப்பக்கம் தவிர வேற பக்கம் பூட்டுனதே இல்லை.

ஊட்டுல என்ற பொண்டாட்டி நெற மாசம். அதுக்கு முன்னால ஒரு கொழந்தை பொறந்து தங்கலை. அதுலிருந்தே எங்க ரெண்டு பேருக்கும் ஒரு பயம், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறதில்லை. அன்னைக்கு மேல தோட்டத்துல எடை போடறவன் என்னைய வெடியால இருந்து உக்கார வெச்சுட்டான். மூட்டையத் தூக்குங்கறான், எறக்குங்கறான், வாயில வந்த பேச்சுப் பேசறான். நானும் பேசுனேன். ஒரு வழியா ஏத்தி முடிச்சு, மாடு தண்ணி குடிச்சிட்டு நிக்குது, அப்பப் பார்த்துக் கீழ இருந்து வந்த எங்க பக்கத்தூட்டுக்காரன் சொல்றான்: "உங்க ஊட்டுல வலி எடுத்திருச்சு மாப்ள. மருத்துவச்சி மொகமே செரியில்லை."

மருத்துவச்சி மொகம் என்னைக்குச் செரியா இருந்துச்சு? அதெல்லாம் இப்பத் தோணுது. அப்ப எங்க தோணுச்சு? பூட்டுனேன், அடிச்சேன், வந்தேன்.

நான் போறதுக்கு முன்னாலயே அந்தம்மா ரோட்டுல நிக்குது.

"அவுத்துக் கட்டு."

"அம்மா, இன்னைக்கு வேண்டாங்க. ஊட்டுல அவளுக்கு வலி எடுத்திருக்குது."

"பொறுக்கு."

முறத்தை வாங்கி வெச்சேன். வெச்ச வேகத்துல பாதிக் கொள்ளு மண்ணுல. பொறுக்க ஆருக்குப் பொறுமை? நானே போயி ஒரு கட்டைய இழுத்துட்டு வந்தேன். சங்கிலிக் கொக்கி மாட்ட வரலை. அதை மாட்டறது எனக்குக் கண்ணு மூடிட்டுப் பண்ற வேலை, அன்னைக்கு மாட்டுது, கழண்டு உழுகுது. ஒரு வழியா மாட்டிட்டு வண்டில ஏறுனா, அந்தம்மா மாட்டுக்கு முன்னால நிக்குது. ரெண்டு மாட்டு மூக்குக்கும் நடுவால. நான் சாட்டையத் தூக்கிட்டேன். மாட்டுக்குத் தூக்குனனா அந்தம்மாளுக்குத் தூக்குனனான்னு கேட்டா எனக்கே தெரியாது.

அந்தம்மா குரலை ஒசத்தலை. "அடிக்கறதுன்னா அப்பறம் அடி. மொதல்ல உன்ற மாட்டுப் பேரைச் சொல்லு."

"ஏனுங்கம்மா, இதுவா நேரம்?"

"இடத்து மாடு பேரு என்ன?"

"காரி."

"எறங்கி வந்து கைய வெச்சுக் காட்டு."

எறங்கி வந்தேன். காரின்னு சொல்லிக் கைய வெச்சேன். கைக்குக் கீழ வெள்ளை முதுகு.

கன்னுக்குட்டில இருந்து என்ற கையில தவிடு தின்ன மாடு. கருப்பையும் வெள்ளையையும் மாத்திப் பூட்டியிருக்கறேன். மயிலையப் பள்ளத்துப் பக்கம் பூட்டி, அத்தனை மூட்டையோட, அந்த எறக்கத்துல, அடிச்சு ஓட்டறதுக்கு வந்து நிக்கறேன். பொண்டாட்டிக்கு எதாச்சும் ஆயிருமோன்னு பயந்து ஓடறவன், அவளைத் தாலியறுக்க வெக்கறதுக்கு எல்லாத்தையும் செஞ்சு வெச்சிருக்கறேன்.

"மாத்திப் பூட்டு" ன்னுச்சு.

மாத்திப் பூட்டிட்டு, நானாவே போயி முறத்துக்குப் பக்கத்துல உக்கார்ந்தேன். மண்ணுல கெடந்த கொள்ளைக் கூட்டி அள்ளுனேன். ஒண்ணு ரெண்டு கல்லுப் பொறுக்கியிருப்பேன். அந்தம்மா முறத்தைப் புடுங்குச்சு.

"உன்னைய ஓட்ட வேண்டாம்னுதான் சொன்னேன். போக வேண்டாம்னு சொல்லலை. எந்திரி. நீ கட்டைக்குப் பின்னால நடந்து வா."

முறத்தையும் எடுத்து வண்டில வெச்சுட்டு, சீலையச் சொருகிட்டு ஏறி உக்கார்ந்து கயித்தைப் பிடிச்சுது. அந்தம்மா அந்த மலை எறங்கி நான் பார்த்தது அந்த ஒரு தரந்தான். வழி நெடுக வாய் மூடலை. எடை போட்டவனைத் திட்டுச்சு, அவங்கப்பனைத் திட்டுச்சு, சேதி கொண்டாந்த பக்கத்தூட்டுக்காரனைத் திட்டுச்சு, நெற மாசக்காரிய உட்டுட்டுக் காப்பி மூட்டை தூக்க வந்த என்னையத் திட்டுச்சு. பின்னால நான் கட்டை கெளப்புற புழுதிய முழுங்கிட்டு நடக்கறேன். ஆனா சலங்கை மட்டும் ஒரே தாளம். அத்தனையும் வாயிலயே போயிருச்சு, கயித்துல ஒண்ணும் எறங்கலை. காரி பள்ளத்தைப் பார்த்துட்டு நடக்குது. மயிலை மலைய ஒரசிட்டு நடக்குது.

மூணாம் வளைவு திரும்புனா, ரோட்டுக்குக் குறுக்கால ஒரு வண்டி. அச்சு முறிஞ்சு சாஞ்சு கெடக்குது. அதோட நெழல்ல, தோட்டத்துக்குப் போற கூலிக் குடும்பம் ஒண்ணு, புருசன் பொண்டாட்டி, சின்னதுக மூணு, கட்டுச் சோத்தை அவுத்து வெச்சுத் தின்னுட்டு இருக்குதுக.

அந்தம்மா கயித்தைச் சித்தெ இழுத்துச்சு. மாடு நின்னுச்சு. அந்தச் சின்னதுல ஒண்ணு சோத்துக் கையோட காரியப் பார்த்துச் சிரிக்குது.

நான் அங்கயே உக்கார்ந்துட்டேன். அந்தம்மா திரும்பி என்னையப் பார்த்துச்சு. திட்டறதை நிறுத்தியிருந்துச்சு. இடுப்புல இருந்து பொகையிலையக் கிள்ளி, கைய நீட்டுச்சு.

எல்லாருமாச் சேர்ந்து அந்த வண்டிய ஓரமாத் தள்ளி வெச்சோம். அடிவாரத்துல கட்டைக் கொக்கிய நான் ஒரே தரத்துல கழட்டுனதும் அந்தம்மா எறங்கிருச்சு. கயித்தை என்ற கையில குடுத்து, விரலைப் பிடிச்சுப் பார்த்துட்டு, "இனி ஓட்டலாம். முறத்துல மிச்சத்தை ஊட்டுல போயிப் பொறுக்கு" ன்னு சொல்லீட்டு, மேல போற வண்டில ஏறிப் போயிருச்சு.

ஊட்டுக்கு வந்து பார்த்தா மருத்துவச்சி தின்னுட்டுக் கை கழுவிட்டு இருக்கறா. சேதி சொல்ல வந்த ஆளு ஊரைத் தாண்டறதுக்குள்ள கொழந்தை பொறந்திருச்சாமா. பொட்டப் புள்ளை. என்ற பொண்டாட்டி என்னையத் தலையில இருந்து கால் வரைக்கும் பார்த்து, "ஏனுங்க இத்தனை புழுதி, உருண்டா வந்தீங்க?" ன்னா.

"இல்லை, நடந்து வந்தேன்" ன்னேன்.

அப்பறம் மலைக்கு மோட்டார் ரோடு வந்துச்சு, லாரி வந்துச்சு. அந்தம்மா கீழ தங்கச்சி மகன் ஊட்டுல இருந்து காலமானதாக் கேள்வி. அந்த முறம் எங்கூட்டுலயே நின்னு போச்சு. விளிம்பை மாத்திக் கட்டியாச்சு, சாணி மெழுகி மெழுகி அது கருங்கல்லு மாதிரி கெடக்குது.

அன்னைக்குப் பொறந்த புள்ளைக்குக் கண்ணாலம் பண்ணிக் குடுத்தமுங்க. மாப்ள எங்க கூடவே இருந்துட்டு, கொல்லங்கோட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் பஸ் ஓட்டறாரு. தங்கமான ஆளு. ஸ்டீரிங்கைப் பிடிச்சா மட்டும் வேற ஆளு. ஹார்னுக்கு ரப்பர்ல ஒரு குமிழி இருக்கும் பாருங்க, அதை எலுமிச்சம்பழம் புழியற மாதிரி புழிவாரு. மாட்டுக்கு ஒரு அடி, மாட்டுக்காரனுக்கு ஒரு அடி, வழி உடாத வண்டிக்கு நாலு அடி. நான் ஊட்டுல உக்கார்ந்தே சொல்லிருவேன், இன்னைக்கு முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிட்டு வர்றாருன்னு. ஒருக்கா கோவிந்தாபுரத்துக்கிட்ட ஒரு வண்டிய முந்தப் போயி, நூலெழையில தப்புச்சு. அடுத்த நாளு வெடியால என்ற மக முறத்தைக் கொண்டாந்து அவரு முன்னால வெச்சா.

"நானென்ன மாடா ஓட்டறேன்? மோட்டாருக்கு மூக்கும் இல்லை, கயிறும் இல்லை" ன்னாரு.

"மாட்டுக்காவது மெரளத் தெரியுமுங்க. மோட்டாரு நீங்க எந்தப்பக்கம் திருப்பறீங்களோ அந்தப்பக்கம் போயிரும்" ன்னா.

அவரு முறத்துக்கு முன்னால உக்கார்ந்துட்டாரு. அதுலிருந்து, அவருக்குக் கோவம் வந்த வாரமெல்லாம் எங்கூட்டுல தெனமும் கொள்ளுப் பருப்புத்தான். மாடு இல்லையே, பொறுக்குன கொள்ளை ஆரு திங்கறது?

இன்னைக்கும் அப்படித்தான். டயரு தேஞ்சு போச்சு, மாத்திக் குடுங்கன்னு கேட்டதுக்கு முதலாளியோட ஆளு ஏதோ மட்டமாப் பேசிட்டானாமா. காதெல்லாம் செவந்து வந்தாரு. முறம் முன்னாலயே தயாரா இருந்துச்சு. பஸ்ஸு வெளிய நிக்குது, உள்ள சனம் உக்கார்ந்திருக்குது. மாங்காய் யாவாரி ஒருத்தரு எறங்கி வந்து, "ஏனுங்க டிரைவரு, சந்தை முடிஞ்சப்பறம் போயி நான் மாங்கா விக்கறதா, ஊறுகா விக்கறதா?" ன்னாரு. மாப்ள நிமிரலை. அந்தாளு நின்னு பார்த்தாரு, மொணகுனாரு, அப்பறம் குத்த வெச்சு உக்கார்ந்து, முறத்து ஓரத்துல இருந்து ஒரு கல்லை எடுத்து, "இதை உட்டுட்டீங்களே" ன்னாரு.

மக வந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில பரப்பிப் பார்த்தா. "இன்னும் இருக்குது" ன்னு சொல்லலை, முறத்தை எடுத்துட்டு உள்ள போனா.

பஸ்ஸு கெளம்புச்சு. நான் இங்க உக்கார்ந்து காதைத் தீட்டிட்டு இருந்தேன். புளியமரத்து வளைவுல ஹார்ன் அடிச்சே ஆகோணும், அந்தப்பக்கம் பள்ளிக்கூடப் புள்ளைக ரோட்டுல நடந்து வரும்.

ஒரே ஒரு அடி. கொழந்தைய எழுப்பற மாதிரி, மெல்ல.